சேதி சொல்வது யார் கடமை?

ஒரகடத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு சாவு விழுந்தால் சேதி எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தாலே போதும், இந்த வட்டாரம் எப்படி வாழ்கிறது என்பது விளங்கிவிடும். வடக்குப்பட்டு போன்ற ஓர் ஊரில் உள்ளூர்க்காரர் ஒருவர் காலமானால், கொஞ்ச நேரத்திலேயே ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் படம் வந்துவிடும். பிறகு கூட்டுரோட்டில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ். எடுக்கும் நேரம், காரியத்துக்கு நாள் எல்லாம் அதே குரூப்பில். ஆனால் அதே வீட்டுப் பின்கட்டில் வரிசையாகக் கட்டிய வாடகை அறைகளில் இருக்கும் விழுப்புரத்துப் பையன்களுக்கும் ஒடிசாப் பையன்களுக்கும் பறைச் சத்தம் கேட்ட பிறகுதான் தெரியும். அவர்களுக்கு வேறு குரூப். அந்த அறையில் ஒருவனுடைய அப்பா கள்ளக்குறிச்சிப் பக்கம் இறந்துபோனால், சேதி அவன் ஊர் குரூப்பிலும் ரூம் குரூப்பிலும் ஓடும். பத்தடி தள்ளியிருக்கும் வீட்டுக்காரருக்கு, வாடகை கேட்கப் போகிற அன்றைக்குத்தான் தெரியவரும்.

வெளியூர் வாடை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை வடக்குப்பட்டில் அகழாய்வு செய்தபோது கற்காலக் கருவிகள் கிடைத்தன. அவற்றுக்கு மேலடுக்குகளில் ரோமானிய ஆம்போரா ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. இன்று அதே வட்டாரத்தில் ராயல் என்ஃபீல்டும் டைம்லரும் அப்பல்லோ டயர்ஸும் இருக்கின்றன. சற்றுத் தள்ளி சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங்கும் ஃபாக்ஸ்கானும். வேலை செய்ய வந்தவர்களுக்கு இங்கே சொந்தமாக நிலமில்லை, குலதெய்வமில்லை, பங்காளி இல்லை. அவர்களுக்கு ஊர் என்று ஒன்று இருக்கிறதென்றால் அது கைப்பேசிக்குள் இருக்கிறது.

சேதியையும் துக்கத்தையும் அன்றாடத்தையும் குரூப்பில் பகிர்வது நல்லதா கெட்டதா என்று பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, சேதி சொல்லும் கடமை யாருக்கு இருக்கிறது, அவர் சொல்லாமல் விட்டால் என்ன நடக்கிறது என்பது. 2021 டிசம்பரில் இதே வட்டாரத்தில் அதற்கு ஒரு பதில் கிடைத்தது. அதற்கு வருவதற்கு முன் இந்தக் குரூப்புகளின் சாதாரண நாளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் வேலை செய்யும் இருபது வயதுப் பெண் ஒருத்தியின் கைப்பேசியில் ஐந்தாறு குரூப்புகளாவது இருக்கும். சொந்தக்காரர்கள் குரூப், படித்த கல்லூரியின் பேட்ச் குரூப், ரூம் குரூப், பஸ் ரூட் குரூப், லைன் குரூப். பஸ் எங்கே வருகிறது, நாளைக்கு யார் பி ஷிப்ட், ஓ.டி. உண்டா, ஐடி கார்டைக் கட்டிலில் விட்டுவிட்டேன் யாராவது எடுத்து வையுங்கள், இன்றைக்குச் சாம்பாரைப் பாருங்கள் என்று ஒரு படம், நிச்சயதார்த்தப் புடவைக்கு எந்த நிறம் என்று இரண்டு படம். சி ஷிப்ட் முடித்து விடியற்காலையில் வெட்டிய பிறந்தநாள் கேக். இதையெல்லாம் வெட்டிப் பேச்சு என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கிணற்றடியிலும் ரேஷன் கடை வரிசையிலும் நடந்த பேச்சு இது. ஒருத்தி இரண்டு நாளாக எதுவும் போடவில்லை என்றால் யாராவது “ஏன்டி, என்னாச்சு?” என்று கேட்கிறார்கள். விடுதிக் காப்பாளர் கேட்பதில்லை, லைன் லீடர் கேட்பதில்லை. கேட்பது இவர்கள்தான்.

துக்கம் வரும்போது இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். அப்பா இறந்த சேதி வந்தவளுக்கு அழுது முடிப்பதற்குள் நூறும் இருநூறுமாக ஜிபேயில் பணம் வந்துவிடும். ஒரகடத்திலிருந்து சிங்கபெருமாள்கோவில் போய் அங்கே விழுப்புரம் பஸ்ஸைப் பிடிப்பதா, கிளாம்பாக்கம் போவதா என்று யாரோ விசாரித்துச் சொல்வார்கள். யாரோ ஒருத்தி கூடவே பஸ் ஏறுவாள். லீவுக்கு யாரிடம் சொல்வது என்பதை மூன்றாவது ஒருத்தி பார்த்துக்கொள்வாள். பங்காளிகள் செய்ய வேண்டியதை, ஆறு மாதப் பழக்கமுள்ள அறைத்தோழிகள் செய்கிறார்கள்.

ஆனால் சேதி வந்து சேரும் விதம் கொடுமையானது. கைப்பேசி செய்யும் பெண்ணுக்கு வேலை நேரத்தில் கைப்பேசி கிடையாது. பெரும்பாலான எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் அதை வெளியே வைத்துவிட்டுத்தான் லைனுக்குப் போக வேண்டும். எட்டு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் முப்பது தவறிய அழைப்புகள். அண்ணனைத் திரும்பக் கூப்பிடுவதற்குள் சொந்தக்காரர்கள் குரூப்பில் மாலை போட்ட படம் கண்ணில் பட்டுவிடும். நம் வழக்கத்தில் யாரும் சாவை அப்படிச் சொல்வதில்லை. தூரத்தில் இருக்கும் பிள்ளையிடம் “அப்பாவுக்கு ரொம்ப முடியல, உடனே கிளம்பி வா” என்றுதான் சொல்வோம். பிள்ளைக்கும் பாதி புரிந்துவிடும், மீதியை ஊர் எல்லை வரும்வரை நம்பாமல் வைத்துக்கொள்ளும். அந்தப் பொய்யில் ஒரு கருணை இருக்கிறது. வழித்துணைக்கு ஆள் இல்லாத நேரத்தில் முழு உண்மையைச் சுமக்க வைக்கக் கூடாது என்ற கருணை. குரூப்பில் வரும் மாலை போட்ட படம் அந்தக் கருணையைத் தட்டிப் பறித்துவிடுகிறது.

இந்த வழக்கத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. “முடியல, ஆஸ்பத்திரியில் இருக்காங்க” என்றால் போய்விட்டார்கள் என்றே கேட்கப் பழகிய காது நம்முடையது. தெளிவில்லாத எந்தப் பதிலும் நமக்குச் சாவாகத்தான் கேட்கும். 2021 டிசம்பரைப் புரிந்துகொள்ள இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய நாளில் சேதி சொல்லும் கடமை யாரிடம் இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. இழவு சொல்லப் போவது தமிழ்க் கிராமங்களில் தலித்துகளின் தலையில் கட்டப்பட்ட ஊழியம். ஊர்த்தெருவில் ஒருவர் செத்தால், அவருடைய உறவினர்கள் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் வெயிலில் நடந்து போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டியது சேரிக்காரர். பறையடிப்பதும் அவரே. அவர் வீட்டுச் சாவுக்கு ஊர்த்தெரு வந்து உட்காராது, சுடுகாடும் வேறு. அரசு அறிவிப்புகளுக்குத் தண்டோரா போடும் பழக்கம் 2022 ஆகஸ்டு வரை இருந்தது. அப்போது தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அதை நிறுத்தும்படி மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். தொலைபேசியும் வாட்ஸ்அப்பும் ஒரு சாதியின் முதுகிலிருந்து இறக்கிவைத்த சுமை இது. அந்த நன்மையைக் குரூப்புகளைக் குறைசொல்லும் கட்டுரைகளில் நான் பார்த்ததில்லை.

இணையத் துக்கம் பற்றிய ஆய்வுகளில் பிரிட்டிஷ் சமூகவியலாளர் டோனி வால்டரின் கருத்து அதிகம் பேசப்படுவது. தொழிற்புரட்சிக்கு முன் கிராமம் முழுவதும் சேர்ந்து துக்கம் காத்தது, நகர வாழ்க்கை அதைக் குடும்பத்துக்குள் அடைத்தது, இணையம் அதை மறுபடி பலர் கூடும் துக்கமாக்கியது என்பார் அவர். இங்கிலாந்துக்கு இது பொருந்தலாம். நம் கிராமம் ஒருநாளும் முழுதாகச் சேர்ந்து அழுததில்லை. ஊர் ஊராக அழுதது, சேரி சேரியாக அழுதது. அதனால் இணையம் நமக்குப் பழைய கிராமத்தைத் திருப்பித் தருகிறது என்றால், அதன் பிரிவினையையும் சேர்த்தே தருகிறது. ‘ஊர் குரூப்’ என்று பெயர் வைத்த எத்தனையோ குரூப்புகளில் ஊரில் பாதிப் பேர் இல்லை. சென்னையின் தகவல்தொழில்நுட்பச் சாலையோரக் கிராமங்களில் தங்கி ஸ்ரீராம் வெங்கட்ராமன் செய்த ஆய்வு 2017-ல் நூலாக வந்தது. சாதி, உறவு, பால் வேறுபாடு எல்லாம் சமூக ஊடகத்திலும் அப்படியே தொடர்வதை அவர் காட்டினார். எளிய குடும்பத்து இளம்பெண்களுக்குக் கைப்பேசியே மறுக்கப்படுவதையும் எழுதினார். அத்தகைய பெண்களே சம்பளம் வாங்கித் தங்கள் காசில் கைப்பேசி வாங்கியது இந்த ஆலை வட்டாரத்தில் நடந்த பெரிய மாற்றம். சம்பளத்தைவிட அது பெரிதா என்று கேட்டால், பலருக்கு ஆம் என்பேன்.

ஈழத்தமிழர் வாழ்வில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் ‘மரண அறிவித்தல்’ ஒரு நிரந்தர நிகழ்ச்சி. போரில் குடும்பங்கள் சிதறிய பின் அந்தப் பணியை இணையதளங்கள் எடுத்துக்கொண்டன. பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், டொரண்டோவிலும் பாரிசிலும் இருக்கும் பிள்ளைகள், தொடர்பு எண்கள் எல்லாம் வரிசையாக வரும். அந்த அறிவித்தலில் நான் மதிப்பது, அதன் அடியில் ‘தகவல்: குடும்பத்தினர்’ என்று இருப்பது. சொன்னவர் யார் என்று தெரியும். கேட்டவர் யாரைக் கூப்பிட்டு விசாரிக்கலாம் என்றும் தெரியும்.

ஸ்ரீபெரும்புதூரில் 2021-ல் இல்லாமல் போனது அதுதான்.

அந்த ஆண்டு டிசம்பர் 15, புதன்கிழமை. ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த, பூந்தமல்லிப் பக்கத்து விடுதி ஒன்றில் சாப்பாடு விஷமானது. அதிகாரிகள் சொன்ன கணக்குப்படி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மேலும் நூறு பேர் அளவில் வெளியிலேயே சிகிச்சை பெற்றனர். ஆலையில் வேலை செய்தவர்கள் ஏறத்தாழ 17,000 பேர், வெவ்வேறு விடுதிகளில் சிதறி இருந்தனர். இரண்டு நாளாகியும் நோயுற்றவர்கள் லைனுக்குத் திரும்பவில்லை. பக்கத்தில் நின்றவளின் இடம் காலி. அவள் எங்கே, எந்த மருத்துவமனை, என்ன நிலை என்பதைத் தோழிகள் நம்பும்படி அவர்களுக்குச் சொன்னவர் யாருமில்லை. குரூப்பில் கேள்விகள் ஓடின. கேள்வி சந்தேகமானது, சந்தேகம் ‘செத்துப்போயிட்டாங்களாம்’ என்று ஆனது. டிசம்பர் 17 இரவு, ஷிப்ட் மாறும் நேரத்தில் பெண்கள் சாலைக்கு வந்தார்கள். சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை விடிய விடிய மறிக்கப்பட்டது. எந்தச் சங்கமும் அழைத்துக் கூடிய கூட்டமல்ல அது.

அமைச்சர்கள் வந்தார்கள், காவல்துறை வந்தது, மறுத்து அறிக்கை வந்தது. கூட்டம் நம்பவில்லை. இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட பெண்கள் உயிரோடிருப்பதைக் காஞ்சிபுரம் ஆட்சியர் ஆர்த்தி வீடியோ அழைப்பில் காட்ட வேண்டியிருந்தது. அறுபதுக்கு மேற்பட்ட பெண்களும் உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவரும் பிடித்துவைக்கப்பட்டதாகவும், கைப்பேசிகள் பறிக்கப்பட்டதாகவும் ராய்ட்டர்ஸ் எழுதியது. வதந்தி பரப்பியதாக யூடியூபர் ஒருவர் கைது செய்யப்பட்டார். விடுதிச் சமையலறையில் எலிகள் இருந்ததையும் கழிவுநீர் வடியாமல் நின்றதையும் ஆய்வாளர்கள் கண்டு அதை மூடினர். பெண்கள் தரையில் படுத்ததும், ஒரே அறையில் முப்பது பேர்வரை இருந்ததும் வெளியே வந்தன. ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்றுதான் ஆலை மறுபடி திறந்தது.

வதந்தியை நம்பிச் சாலைக்கு வந்த அப்பாவிப் பெண்கள் என்று அன்று பலர் எழுதினார்கள். எனக்கு அந்தச் சொல் ஏற்புடையதல்ல. வடதமிழ்நாட்டில், பழைய தென்னாற்காடு மாவட்டத்தில், ஒப்பாரியை ஆய்ந்த இசபெல் கிளார்க்-டெசஸ் 2005-ல் வெளியிட்ட நூலுக்கு ‘செத்தவருக்காக யாரும் அழுவதில்லை’ என்ற பொருளில் தலைப்பு வைத்தார். இழவு வீட்டில் மாரடித்து அழும் பெண் தன் அண்ணனையோ மாமியாரையோ சொல்லித் தொடங்கித் தன் பாட்டைச் சொல்லி அழுகிறாள் என்பது அவர் கண்டது. நம் வீடுகளில் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மற்ற நாளில் வாயைத் திறக்க விடாத குடும்பம், பிணத்தின் அருகே அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்கும். டிசம்பர் 17 இரவு நெடுஞ்சாலையில் கேட்டதும் ஒப்பாரிதான். செத்ததாக நம்பப்பட்டவர்கள் சாகவில்லை. ஆனால் அழுதவர்கள் சொன்ன குறைகள், அந்தத் தரை, அந்தச் சோறு, அந்த அறை, அத்தனையும் உண்மை. நல்லபடி நடத்தப்பட்டவர்களிடையே இப்படியொரு சேதி ஓர் இரவுகூட நிற்காது. தங்களைச் சாகவிட்டாலும் சொல்ல மாட்டார்கள் என்று அவர்கள் நம்பியதற்கு அன்றாட அனுபவம் இருந்தது.

எல்லா வதந்தியையும் இந்தத் தட்டில் வைக்க மாட்டேன். 2018 மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த 65 வயது மூதாட்டி, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காகப் பிள்ளைபிடிப்பவர் என்று அடித்துக் கொல்லப்பட்டார். அதற்கு முன் பல நாள்களாக வாட்ஸ்அப்பில் பிள்ளைபிடிப்பவர்கள் பற்றிய போலிச் செய்திகள் சுற்றிக்கொண்டிருந்தன. நாடெங்கும் இப்படி நடந்த கொலைகளுக்குப் பிறகு அந்த ஆண்டு ஜூலையில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கோ குரூப்புகளுக்கோ மேல் ஒரே நேரத்தில் தள்ளிவிட முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் வரம்பு வைத்தது. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் கொல்லப்படுவதாக வேறெங்கோ எடுத்த வீடியோக்கள் இந்திக் குரூப்புகளில் ஓடின. ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள் நிறைய இருக்கும் இந்த வட்டாரத்தில் அந்த வாரம் பலருடைய வீட்டிலிருந்தும் “வந்துடு” என்றுதான் அழைப்பு வந்திருக்கும். காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு வீடியோவில் தோன்றி மறுத்தார், பீகார் அரசு குழு அனுப்பி விசாரித்தது. அத்திமூரிலும் 2023-லும் வதந்தி அந்நியரை நோக்கிப் பாய்ந்தது, இட்டுக்கட்டியவர்களுக்கு ஆதாயம் இருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் வதந்தி சொந்தத் தோழியைத் தேடியது. முதலாவதற்குச் சட்டம் வேண்டும், வரம்பு வேண்டும். இரண்டாவதற்கு வேண்டியது பதில். அறைத்தோழிக்கு அறைத்தோழி தானே தட்டி அனுப்பும் சேதியை எந்த வரம்பும் தடுக்காது.

இது நம் பெண்களின் படிப்பு சம்பந்தப்பட்ட விஷயமுமல்ல. 2022 அக்டோபரில் சீனாவின் ஜெங்ஜோ நகரில் அதே ஃபாக்ஸ்கானின் பெரிய ஆலை கொரோனாவுக்காக உள்ளே பூட்டப்பட்டது. உள்ளே எத்தனை பேருக்குத் தொற்று என்று தெரியவில்லை. 20,000 என்று ஒரு கணக்கு பரவியது, நிறுவனம் மறுத்தது. தொழிலாளர்கள் மறுப்பை நம்பாமல் வேலி தாண்டிக் குதித்து, மூட்டையோடு வயல்வெளியில் ஊரைப் பார்த்து நடந்தார்கள். வேறு நாடு, வேறு மொழி, வேறு செயலி. மௌனம் மட்டும் ஒன்று.

குரூப்பைத் தண்டிப்பதால் எதுவும் ஆகாது. குரூப்பில் யாரோ போட்டதற்கு அட்மின் என்பதாலேயே ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2021 டிசம்பரிலேயே சொன்னது. கைப்பேசியைப் பறிப்பது இன்னும் மோசம். காணாமல்போன தோழியைத் தேடும் ஒரே வழியை அடைத்துவிட்டு, வதந்தியை நம்பாதே என்று சொல்வது நியாயமில்லை.

2024 செப்டம்பர் 9 முதல் சாம்சங் ஆலையில் நடந்த 37 நாள் வேலைநிறுத்தத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேலைநிறுத்தத்தின் மையக் கோரிக்கை சங்க அங்கீகாரம். ஆலைக்கு அருகே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். கைது நடந்தது, பந்தல் பிரிக்கப்பட்டது, உடன்பாடு ஆகிவிட்டது என்று ஒரு பக்கமும் இல்லை என்று இன்னொரு பக்கமும் சேதி வந்தது. ஆனால் கேட்பதற்கு ஓர் இடமும் பதில் சொல்வதற்குப் பெயருள்ள ஆள்களும் இருந்தார்கள். ‘தகவல்: குடும்பத்தினர்’ என்ற வரியின் வேலையை அங்கே சங்கம் செய்தது. சங்கம் கூலிக்காக மட்டும் என்று நினைப்பவர்கள் இந்தப் பயனைக் கவனிக்க வேண்டும்.

2021-க்குப் பிறகு ஒன்றும் மாறவில்லை என்று சொல்வது தவறு. 2024 ஆகஸ்டு 17 அன்று வல்லம்–வடகாலில், சிப்காட் ரூ.706.50 கோடியில் கட்டிய மகளிர் குடியிருப்பு திறக்கப்பட்டது. 18,720 பெண்கள் தங்கலாம். தரைக்குப் பதில் கட்டில் கிடைத்தது பெரிய காரியம். அதைச் செய்தவர்களைப் பாராட்டலாம். ஆனால் ஒரே வளாகத்தில் பதினெட்டாயிரம் பேர் என்றால் ஒரு பேரூராட்சி. அங்கே ஒருத்திக்கு நெஞ்சுவலி வந்தால் அந்தச் சேதிக்கு என்ன வழி? பதினெட்டாயிரம் கைப்பேசிகள் பேசுவதற்கு முன்னால் நிர்வாகம் வாய் திறக்குமா?

ஒரு சின்ன விஷயத்திலிருந்து தொடங்கலாம். வேலைக்குச் சேரும்போதும் விடுதியில் சேரும்போதும் நிரப்பும் படிவத்தில் அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் பெற்றோர் பெயரை எழுதச் சொல்கிறார்கள். பெற்றோர் செஞ்சியிலோ திருவண்ணாமலையிலோ இருக்கிறார்கள், பஸ் பிடித்து வந்துசேர நாலைந்து மணி நேரம். ராத்திரி மூன்று மணிக்குத் தலையைப் பிடித்துக்கொண்டது அறைத்தோழி. படிவப்படி அவள் யாருமில்லை. அவளிடம் எதையும் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை. அவளிடமிருந்துதான் குரூப்புக்கு முதல் சேதி போகிறது.

ஆலைகளுக்கும் விடுதி நடத்துபவர்களுக்கும், தொழிலாளர் துறைக்கும் இதுவே என் வேண்டுகோள். அந்தப் படிவத்தில் இன்னொரு வரி சேருங்கள். அவளே தேர்ந்தெடுக்கும் தோழி ஒருத்தியின் பெயர். அவளை மருத்துவமனைக்கு அனுப்பினால், எந்த மருத்துவமனை, எந்த வார்டு, யாரைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்பதை ஒரு மணி நேரத்துக்குள் அந்தத் தோழிக்குச் சொல்லுங்கள். அவள் லைனில் நின்றால் லைனுக்கே போய்ச் சொல்லுங்கள். சொல்பவர் தன் பெயரைச் சொல்லிச் சொல்லட்டும்.